அம்மாவுக்கு வாயுத்தொல்லைதானா?

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் வரும் இரத்தப்போக்குடைய பெண்ணை நாம் அனைவரும் அறிவோம். 12 ஆண்டுகள் துன்பப்பட்டவர். மருத்துவர் பலரிடம் சென்று, கையிலிருந்ததை எல்லாம் செலவழித்தும், நோய் இன்னும் மோசமானதே தவிர குணமாகவில்லை என்று மாற்கு எழுதுகிறார். மறையுரைகளில் அப்பெண்ணின் விசுவாசத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அந்த 12 ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை. (மருத்துவர் என்று மரபு சொல்லும் லூக்கா, இதே நிகழ்ச்சியை எழுதும்போது மருத்துவர்கள்மீதான அந்தக் குறையைச் சற்று மென்மையாக்கி விடுகிறார்!)

நமது நாட்டில் பெண்களுக்கு நீண்ட காலம் தடையாக நின்றது, பெண் மருத்துவர் இல்லாமையே. பிரசவ வேதனையிலும் ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விட மறுத்த காலம் அது. அதனால்தான் ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். நம் திருச்சபையிலும், துறவற சகோதரிகள் மகப்பேறு மருத்துவம் செய்வதற்கிருந்த தடை 1936இல்தான் நீங்கியது. இன்று கோவையில் பெண் மருத்துவர்களுக்குக் குறைவில்லை. அவிநாசி சாலையில் போனாலே பெரிய மருத்துவமனைகள் வரிசையாகத் தென்படுகின்றன. ஆனால் அவர்கள் படித்த பாடம் யாருடைய உடலை வைத்து எழுதப்பட்டது?

பெரும்பாலும் ஆணின் உடலை வைத்துத்தான். கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், கருத்தரிக்கும் வயதுடைய பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1977இல் அறிவுறுத்தியது. 1993இல்தான் அதை மாற்றிக்கொண்டார்கள். இதன் விளைவு என்ன? சோல்பிடம் என்ற தூக்க மருந்து பெண்களின் உடலைவிட்டு மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்பதால், அவர்களுக்கான அளவைப் பாதியாக்கும்படி அதே துறை 2013இல் அறிவித்தது. அம்மருந்து அங்கே விற்பனைக்கு வந்து அதற்குள் 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாரடைப்புக்கு வருவோம். நமது கோவையைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவருடன் உழைத்தவர்களும் தமிழ்நாட்டில் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. இதய இரத்தக்குழாய் முழுவதுமாக அடைபட்டு வரும் மாரடைப்பைப் பற்றியது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, 108 ஆம்புலன்சையும் பயன்படுத்தினார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. எத்தனை குடும்பங்களுக்கு வாழ்வு! அந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட 2420 பேரில் ஆண்கள் 2034 பேர், பெண்கள் 386 பேர்.

இந்த இடைவெளி முழுவதும் புறக்கணிப்பு என்று சொல்வது நியாயமாகாது. ஆண்களுக்கு மாரடைப்பு அதிகமாகவும் இளவயதிலும் வருகிறது. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் பெண்கள் மருத்துவமனைக்குத் தாமதமாக வருகிறார்கள் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஏன் தாமதம் என்பதை நம் வீட்டிலேயே பார்க்கலாம். அப்பா நெஞ்சைப் பிடித்தால் உடனே கார் வருகிறது. அம்மா, “ஒண்ணுமில்ல கண்ணு, வாயுப் பிடிப்பு” என்கிறார். ஓமத் தண்ணீர் குடிக்கிறார், சுக்குக் காப்பி குடிக்கிறார், தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறார். விடிந்ததும் தறிக்கோ, பனியன் கம்பெனிக்கோ, காட்டு வேலைக்கோ போய்விடுகிறார். நாமும் நம்பிவிடுகிறோம். நம்புவது நமக்கும் வசதியாகத்தானே இருக்கிறது?

பெண்களுக்கும் நெஞ்சுவலியே முக்கிய அறிகுறி. ஆனால் அதோடு மூச்சிரைப்பு, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத கடும் அசதி ஆகியவை ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. சில வேளைகளில் நெஞ்சுவலியே இருப்பதில்லை. பாடநூல் வரைந்த படத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் நடுவயது ஆண் என்பதால், இவற்றை இரைப்பைக் கோளாறு என்றோ மனப்பதற்றம் என்றோ எண்ணி அனுப்பிவிடும் ஆபத்து மருத்துவரிடமும் உண்டு.

இன்னொன்றும் உண்டு. கர்ப்ப காலத்தில் இரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தை பிறந்ததும் “சரியாகிவிட்டது” என்று அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். 50 வயதில் மருத்துவரிடம் போகும்போது அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. மூத்த மகளுக்கோ மகனுக்கோ இப்போது 25 வயதிருக்கலாம். அந்தப் பிரசவத்தில் கொதிப்பு இருந்தது என்பதை அம்மாதான் நினைவில் வைத்திருப்பார். அவரிடம் கேளுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அசதியும் மூச்சிரைப்பும் திடீரென்று வந்தால் ஓமத் தண்ணீருக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிட வேலைதான். அம்மா வேண்டாம் என்பார். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்பார், ஞாயிறு பூசை முடியட்டும் என்பார்.