கூடுதல் மைதானம் வாங்கலாமா? கணினி கோல்ஃப்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கணினி கோல்ஃபில் மைதானங்களைத் தனித்தனியாக விற்கும் வழக்கம் பரவியதில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த ஆக்செஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1990இல் ‘லிங்க்ஸ்’, 1992இல் ‘லிங்க்ஸ் 386 புரோ’ என்று வெளியிட்ட அந்த நிறுவனம், அவற்றுக்கான கூடுதல் மைதானங்களை பிளாப்பி டிஸ்க்குகளில் விற்றது. இன்று கூடுதல் மைதானங்களைத் தரும் எக்ஸ்பான்ஷன் பேக்குகளும் அதே வழிதான்.

பேக்கை மட்டும் வாங்கினால் ஆட முடியுமா?

முடியாது. பந்து எவ்வளவு தூரம் பறக்கும், எங்கே விழுந்து எப்படி உருளும் என்று கணக்குப் போடுவது மூல விளையாட்டு. பேக்கில் வருவது நிலம் மட்டுமே. எந்தப் பதிப்புக்கான பேக் என்பதையும் பார்த்து வாங்குங்கள். 386 புரோவுக்கு வந்த மைதானம் 1990 லிங்க்ஸில் ஓடாது.

ஆட்டம் மாறாதென்றால் காசு எதற்கு?

நிலம் மாறினாலே பாதி ஆட்டம் மாறிவிடும். வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டொனால்ட் ராஸ் வடிவமைத்தது. கிரீன்கள், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்வெளிகள், கவிழ்த்த தட்டுபோல நடுவில் மேடாக இருக்கும். ஓரத்தில் விழும் பந்து நிற்காது, சரிந்து வெளியே போய்விடும். கொடியைப் பார்த்து நேராக அடித்துப் பழகியவருக்கு அங்கே தலைவலிதான். கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 7ஆவது குழியின் தூரம் நூறு மீட்டர்கூட இல்லை. ஆனால் இறக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. காற்று இல்லாவிட்டால் வெட்ஜ் என்ற குறுந்தூர மட்டை போதும். எதிர்க்காற்று வலுத்தால் தொழில்முறை ஆட்டக்காரரே எந்த மட்டையை எடுப்பது என்று திணறுவார். கனடாவின் பான்ஃப் ஸ்பிரிங்ஸில் ஒரு குழிக்கு உயரத்தில் நின்று, ஒரு ஏரியைத் தாண்டி அடிக்க வேண்டும். லிங்க்ஸுக்கு இந்த மூன்று மைதானங்களும் வந்தன.

வெறும் காட்சி அழகுக்காகப் பேக் வாங்குகிறவர்களும் உண்டு. தப்பில்லை, ஆனால் சீக்கிரம் அலுத்துவிடும் என்பது என் எண்ணம்.

இலவச மைதானங்கள் கிடைக்கின்றனவே?

கிடைக்கின்றன. ஆக்செஸ் நிறுவனத்தை 1999இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதன்பின் வந்த ‘லிங்க்ஸ் 2001’இல் ஆட்டக்காரர்களே மைதானம் அமைக்கும் கருவியும் சேர்ந்தே வந்தது. ஆர்வலர்கள் உருவாக்கியவற்றில் சில, காசு கொடுத்து வாங்குவதைவிட நன்றாகவே இருக்கும். பல அப்படி இல்லை. மரத்தை எங்கே நடுவது என்று யோசிக்காமல் கண்டபடி நட்டிருப்பார்கள்.

பழைய டிஸ்க் இன்றைய கணினியில் ஓடுமா?

டாஸ் காலத்து விளையாட்டு என்றால் டாஸ்பாக்ஸ் மென்பொருள் கைகொடுக்கும். பிளாப்பி நாளாக நாளாகப் பழுதாகும். படிக்க முடிகிறபோதே நகலெடுத்து வையுங்கள்.

இணையத்தில் வாங்கிய பேக் என்றைக்கும் இருக்குமா?

அப்படி நம்பிவிட வேண்டாம். இந்த விளையாட்டுகளில் மைதானம், வீரர் பெயர் எல்லாம் உரிமம் வாங்கிப் பயன்படுத்துபவை; உரிமம் முடிந்தால் விற்பனையும் நின்றுவிடலாம். ‘ரோரி மெக்கில்ராய் பிஜிஏ டூர்’ என்ற கன்சோல் கோல்ஃப் விளையாட்டு 2015இல் வெளிவந்து, 2018இலேயே இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே மூல விளையாட்டு பழையதாகிவிட்டதென்றால், பேக் வாங்குமுன் இரண்டைப் பாருங்கள்: இணைய இணைப்பு இல்லாமல் அந்த மைதானம் திறக்கிறதா, கணினியை மாற்றினால் மறுபடி இறக்கிக்கொள்ள விடுகிறார்களா. இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், தள்ளுபடி விலைக்கு வரும்வரை காத்திருக்கலாம்.