வயசானது செல்லுக்கா, அது குடியிருக்கும் இடத்துக்கா?

திருத்தணி மலைக்குப் படியேறிப் போனவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தொடை பிடித்துக்கொள்வது இறங்கி வீடு வந்து சேர்ந்த பிறகு, பெரும்பாலும் மறுநாள் காலையில். மொத்தம் 365 படிகள். டிசம்பர் 31 அன்று திருப்புகழ்ப் படித் திருவிழாவில் படிக்கொரு பூஜை போட்டு நின்று நின்று ஏறுகிறவர்களும் சரி, ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ஒரே மூச்சில் ஏறுகிறவர்களும் சரி, இறங்கியதற்கான கூலியைத் தொடையில் வாங்கிக்கொள்ளாமல் தப்புவதில்லை.

காரணம் எளிது. ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, சுருங்கப் பார்த்துக்கொண்டே நீண்டும் கொடுக்க வேண்டும். வண்டிக்கு பிரேக் பிடிக்கிற வேலை அது. அந்த இழுபறியில் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் விழுகின்றன.

பழுது பார்க்க அங்கேயே ஆள் இருக்கிறது. ஒவ்வொரு தசை இழைக்கும் அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கும் இடையில் ஒட்டிக்கொண்டு தூங்கும் சாட்டிலைட் செல்கள்தான் தசையின் ஸ்டெம் செல்கள். 1961இல் தவளைத் தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து அலெக்சாண்டர் மவுரோ இவற்றை விவரித்தார். தசை சேதப்பட்டால் இவை விழித்து, பெருகி, இழையைச் சரிசெய்துவிட்டு, ஒரு பகுதி திரும்பவும் தூங்கப் போய்விடும்.

இருபது வயதுப் பேரனும் எழுபது வயதுத் தாத்தாவும் சேர்ந்தே இறங்குகிறார்கள். தாத்தாவின் தசைதான் தேறத் தாமதமாகிறது. அவருடைய ஸ்டெம் செல்களும் கிழடாகிவிட்டன என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்தப் பதிலை 1989இலேயே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கார்ல்சனும் ஜான் ஃபாக்னரும் ஆட்டம் காண வைத்துவிட்டார்கள். கிழ எலியின் தசையை எடுத்து இள எலிக்குப் பொருத்தினார்கள். இளசின் தசையைக் கிழத்துக்கு. இள உடம்புக்குள் போன கிழத் தசை, இளந்தசைக்கு ஈடாகத் தேறியது. கிழ உடம்புக்குள் போன இளந்தசையோ கிழத் தசையைவிட மேலாகத் தேறவில்லை. தேறுவதை முடிவு செய்தது தசையின் வயது அல்ல, அது போய்ச் சேர்ந்த உடம்பின் வயது.

2005இல் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் ராண்டோ, இரினா கான்பாய் குழுவினர் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். கிழச் சுண்டெலியையும் இளஞ்சுண்டெலியையும் விலாவோடு விலாவாகத் தைத்து, இரண்டுக்கும் ரத்த ஓட்டத்தைப் பொதுவாக்கினார்கள். (கேட்கவே கூசுகிறது, ஆனால் அந்த முறை வெகுகாலமாகவே இருக்கிறது.) கிழ எலியின் காயம்பட்ட தசை நன்றாக ஆறியது. இளசின் செல்கள் ரத்தம் வழியாக வந்து ஆற்றவில்லை. கிழத்தின் சொந்த சாட்டிலைட் செல்களே எழுந்து வேலை பார்த்தன.

அப்படியானால் அவற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது எது? ஒன்று, எழுப்பும் குரல் குறைந்துபோனது. அடிபட்ட இளந்தசையில் ‘நாட்ச்’ என்ற சமிக்ஞையைத் தூண்டும் புரதம் சட்டென்று கூடுகிறது; கிழத் தசையில் அது போதிய அளவு கூடுவதில்லை. இன்னொன்று, அடக்கும் குரல் ஓங்கியது. கிழத் தசையில் ‘டி.ஜி.எஃப். பீட்டா’ மிகுந்துவிடுகிறது, அது செல் பெருகுவதைத் தடுக்கிறது. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: விறைப்பு. வயதாக ஆகத் திசுவே இறுகிப்போகிறது. கேம்பிரிட்ஜில் கெவின் சலூட், ராபின் ஃப்ராங்க்ளின் குழு 2019இல் எலி மூளையின் முன்னோடிச் செல்களை வைத்து இதைக் காட்டியது. கிழச் செல்களை மெத்தென்ற பரப்பில் வளர்த்தால் இளசுபோல நடந்துகொண்டன. இளஞ்செல்களை விறைத்த பரப்பில் வைத்தால் கிழடு தட்டிப்போயின. செல் தன் இருப்பிடத்தைத் தொட்டுப் பார்த்தே தன் வயதைத் தெரிந்துகொள்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதையே முழு உண்மையாக எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம். 2014இல் பார்சிலோனாவில் புரா முனியோஸ் கானோவெஸ் குழு, 28 மாதத்துக்கும் மேலான பழுத்த கிழ எலிகளின் சாட்டிலைட் செல்களை இளந்தசையில் வைத்துப் பார்த்தது. அவை தேறவில்லை. செல்லுக்குள்ளேயே ‘பி16’ என்ற தடுப்பு விழுந்துவிட்டிருந்தது. அதை அடக்கிய பிறகே பழையபடி இயங்கின. நெடுநாள் கெட்ட இடத்தில் இருந்த செல், ஒரு கட்டத்துக்குப் பின் தானும் கெட்டுவிடுகிறது.

‘இளரத்தம்’ விற்கிற கடைகளுக்கு இந்தக் கட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. இளைஞர்களின் பிளாஸ்மாவை ஏற்றிக்கொள்ளும் வியாபாரத்தை எதிர்த்து அமெரிக்க மருந்து நிர்வாகமே 2019இல் எச்சரித்தது. அடுத்த ஆண்டே கான்பாய் குழு, கிழ எலிகளின் பிளாஸ்மாவில் பாதியை எடுத்துவிட்டு உப்புநீரும் ஆல்புமினும் கலந்து ஏற்றியபோதும் தசை நன்றாக ஆறியது. இளமையைச் சேர்க்கவே இல்லை. முதுமையின் கசடை நீர்க்கச் செய்ததே போதுமானதாக இருந்தது. நம்மூரிலும் மூட்டுக்கும் முதுகுக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் வருகிறது. ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல், சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றத்தைத் தவிர மற்றதையெல்லாம் ஆய்வு என்றே வகைப்படுத்துகிறது. ஊசியில் வருவது எவ்வளவு புதிய செல்லானாலும், அது போய் இறங்குவது அதே பழைய மூட்டில். அந்த இடத்துக்கு என்ன வைத்தியம் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

திருத்தணியிலிருந்து ரயிலில் ஆந்திரப் பக்கம் போனால் நகரி தாண்டிப் புத்தூர் வரும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ‘புத்தூர் கட்டு’க்குப் பேர்போன ஊர். முறிந்த எலும்பு எவ்வளவு அசைகிறது என்பதைப் பொறுத்து அங்குள்ள செல்கள் எலும்பாவதா, குருத்தெலும்பாவதா என்று முடிவெடுக்கின்றன. அடுத்த வாரம் அந்தக் கட்டை அவிழ்ப்போம்.