மைல்ட் என்றொரு சொல்

நம் காந்தலூரில் ஆங்கிலம் பேசுவோர் குறைவு. ஆனால் ஆங்கிலச் சொல் புகாத வீடு இல்லை. சுற்றுலா வருகிறவர் இங்கே குளிர் மைல்டாக இருக்கிறது என்கிறார். இரும்புக் கடைக்காரர் எம்.எஸ். குழாய் என்கிறார், அந்த எம்மும் மைல்ட்தான். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதே சொல். இதற்கு ஒரே ஒரு பொருளை மனப்பாடம் செய்துகொண்டு நம் பிள்ளைகள் தடுமாறுவதால் இதை எழுதலானேன்.

எழுத்துக்கூட்டினால் 'மில்ட்' என்று வரும், சொல்லும்போது 'மைல்ட்'. சைல்ட், வைல்ட் போல. பழைய ஆங்கிலத்தில் இது அன்பும் இரக்கமும் உள்ளவரைக் குறித்த சொல். நம் 'மிதம்' ஓசையில் நெருங்கினாலும் உறவு ஒன்றுமில்லை.

தமிழில் இடத்துக்கேற்ப மாற்றிச் சொல்ல வேண்டும். காற்று என்றால் இதம், குணம் என்றால் சாந்தம், காய்ச்சல் என்றால் லேசு, குழம்பு என்றால் காரம் குறைவு. (2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பகுதிப் பூண்டை யாரும் மைல்ட் என்று சொல்ல மாட்டார்கள்!) இரும்பில் மைல்ட் என்பது கரி சுமார் 0.25 சதவீதத்துக்குள் இருப்பது. வளைக்கவும் பற்றவைக்கவும் எளிது. வலுவற்றது என்று பொருளல்ல.

மருத்துவச் சீட்டில்தான் கவனம் வேண்டும். அங்கே மைல்ட், மாடரேட், சிவியர் என்று மூன்று படிகள். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 11.9 வரை மைல்ட், 8 முதல் 10.9 வரை மாடரேட், அதற்கும் கீழே சிவியர். "மைல்டுன்னுதானே போட்டிருக்கு, விடு தம்பி" என்று பக்கத்து வீட்டு அத்தை சீட்டை மடித்து வைத்தார். எண் 11.2. "அத்தை, ஒன்றுமில்லை என்று எழுதவில்லை, முதல் படி என்று எழுதியிருக்கிறார்கள்" என்றேன். மறுவாரம் மாத்திரை வாங்கி வந்தார்.

'மைல்ட் ஸ்ட்ரோக்' இன்னும் பொல்லாதது. வாய் கோணி, கை தளர்ந்து, சில நிமிடங்களில் சரியாகிவிடலாம். அடுத்து பெரிய தாக்குதல் வரக்கூடும். நமக்கு மூணாறு போகவே மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அப்படி நேர்ந்தால் உடனே வண்டி பிடியுங்கள். பாதி வழியில் தெளிந்துவிட்டது என்று திரும்பி வராதீர்கள்.