பவர் டில்லருக்கு மாற்று எஞ்சின் ஆயில்: தேர்ந்தெடுப்பது எப்படி?

செங்கல்பட்டு மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களிலும் நெல் சாகுபடி நடைபெறுகிறது. ஒரு பட்டத்தின் அறுவடைக்கும் அடுத்த பட்டத்தின் நடவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் மிகவும் குறைவு. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும்; ஏரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து பவர் டில்லருக்கு எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்துவிடும். கையேட்டில் குறித்துள்ள ஆயிலைத் தேடி மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு எனக் கடை கடையாக அலைந்தும் அதே ஆயில் கிடைக்காமல் போவதுண்டு.

அப்போது விவசாயிகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டப்பாவை அப்படியே வாங்கி ஊற்றுகிறார்கள். அல்லது 'இந்த உழவு முடியட்டும்' என்று கறுத்துப் போன பழைய ஆயிலிலேயே ஓட்டுகிறார்கள். இரண்டுமே எஞ்சினுக்குக் கேடு. ஆயிலில் செய்யும் ஒரு சிறு தவறு பிஸ்டன், லைனர், பேரிங் ஆகியவற்றைத் தேய்த்துப் பல ஆயிரம் ரூபாய் செலவு வைத்துவிடும். பட்டறையில் டில்லர் கிடக்கும் நாட்களில் நடவும் தவறிவிடும்.

இதற்கு வழி உண்டு. குறித்த கம்பெனியின் ஆயில்தான் வேண்டும் என்பதில்லை. குறித்த தரம்தான் வேண்டும். அந்தத் தரத்தை டப்பாவின் மேலேயே படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆயிலின் வேலைகள்

எஞ்சின் ஆயில் உராய்வைக் குறைப்பதற்கு மட்டும் உரியதன்று. பிஸ்டனின் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுவருகிறது. பிஸ்டனுக்கும் லைனருக்கும் உள்ள இடைவெளியை அடைத்து அழுத்தம் கசியாமல் காக்கிறது. டீசல் எரிவதால் உண்டாகும் கரியைத் தன்னுள் ஏந்தி, படியாமல் வைத்துக்கொள்கிறது. அமிலத்தை முறித்துத் துருப்பிடிக்காமலும் பாதுகாக்கிறது. புதிய ஆயில் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுத்துவிடுவதைக் கண்டு 'மட்டமான ஆயில்' என்று எண்ண வேண்டாம். கரியைச் சுமக்கும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது என்பதே பொருள்.

இரண்டு குறிகள்

டப்பாவில் முதலில் பார்க்க வேண்டியது எஸ்.ஏ.இ. எண். இது ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். எஸ்.ஏ.இ. 40 என்றால் ஒற்றை எண் ஆயில். 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 என்று இரண்டு எண்கள் இருந்தால், டபிள்யூ சேர்ந்த முதல் எண் குளிரில் ஆயிலின் இயல்பைக் காட்டும். இரண்டாவது எண் எஞ்சின் சூடேறிய நிலையில் உள்ள கெட்டித்தன்மையைக் காட்டும். உறைபனி காணாத நம் பகுதியில் முதல் எண் 15 ஆனாலும் 20 ஆனாலும் பெரிய வேறுபாடு இல்லை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் இவ்வூர்களில் இரண்டாவது எண்ணே முக்கியம். எஸ்.ஏ.இ. 40, 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 ஆகிய மூன்றும் சூடான எஞ்சினில் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை.

இரண்டாவது குறி ஏ.பி.ஐ. தரம். இதில் எஸ் என்று தொடங்கும் எழுத்துகள் பெட்ரோல் எஞ்சினுக்கும், சி என்று தொடங்குபவை டீசல் எஞ்சினுக்கும் உரியவை. டீசல் ஆயிலில் சி.டி., சி.எப்.-4, சி.எச்.-4, சி.ஐ.-4, சி.கே.-4 என்று தரங்கள் காலத்துக்குக் காலம் உயர்ந்து வந்துள்ளன. சி.எப்.-4 தரம் 1990லும், சி.எச்.-4 தரம் 1998லும், சி.ஐ.-4 தரம் 2002லும், சி.கே.-4 தரம் 2016லும் வந்தவை.

எதற்குப் பதில் எது?

பொது விதி எளிது. எஸ்.ஏ.இ. எண்ணில் இரண்டாவது எண் மாறக் கூடாது. ஏ.பி.ஐ. தரத்தில் கீழே இறங்கக் கூடாது, மேலே போகலாம். கையேட்டில் சி.டி. அல்லது சி.எப்.-4 என்றிருந்தால் சி.எச்.-4, சி.ஐ.-4 ஆயில்களைத் தாராளமாக ஊற்றலாம். சி.ஐ.-4 கேட்கும் புதிய டிராக்டருக்கு சி.எப்.-4 ஊற்றினால் கரியைத் தாங்கும் சக்தி போதாது.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. எப்.ஏ.-4 என்ற தரம், எரிபொருள் சிக்கனத்துக்காக வந்த மெல்லிய ஆயிலைக் குறிக்கும். புதிய தரம்தானே என்று இதைப் பழைய டில்லரிலோ டிராக்டரிலோ ஊற்றக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு

12 குதிரைத்திறன் கொண்ட பவர் டில்லர் ஒன்றின் கையேட்டில் 'எஸ்.ஏ.இ. 40, சி.டி. தரம்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையில் நான்கு வகை ஆயில் இருக்கிறது. 15டபிள்யூ-40, சி.ஐ.-4 டீசல் ஆயில் ஒன்று. 20டபிள்யூ-40, சி.எப்.-4 டீசல் ஆயில் மற்றொன்று. 20டபிள்யூ-50 மோட்டார் சைக்கிள் ஆயில் மூன்றாவது. 90ஆம் எண் கியர் ஆயில் நான்காவது.

முதல் இரண்டில் எதை வாங்கினாலும் சரியே. விலையில் பெரிய வித்தியாசம் இல்லையானால் சி.ஐ.-4 மேலானது. மோட்டார் சைக்கிள் ஆயில் பெட்ரோல் எஞ்சினுக்கென்று செய்யப்பட்டது. டீசல் கரியைச் சுமக்க அது போதாது. கியர் ஆயில் எந்த நிலையிலும் எஞ்சினுக்கு ஆகாது. '90 என்றால் இரு மடங்கு கெட்டி. பழைய எஞ்சினுக்கு நல்லது' என்ற எண்ணம் தவறு. கியர் ஆயிலின் எண் வேறு அளவுகோலில் அமைந்தது. 90ஆம் எண் கியர் ஆயிலின் கெட்டித்தன்மை எஞ்சின் ஆயிலில் ஏறக்குறைய 40, 50 எண்களுக்கு ஒத்ததே. அதில் சேர்க்கப்பட்டுள்ள மருந்துகளோ கியர் பற்களுக்கு ஏற்றவை. எஞ்சினின் சூட்டையும் கரியையும் அவை தாங்கா.

அதுபோலவே, எஞ்சின் ஆயிலை டிராக்டரின் ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள பகுதியில் ஊற்றக் கூடாது. அதற்கென்று குறித்த டிரான்ஸ்மிஷன் ஆயிலே வேண்டும்.

அவசரத்துக்குக் கலக்கலாமா?

வயலில் உழுதுகொண்டிருக்கும்போது ஆயில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிட்டால், வேறு கம்பெனியின் அதே எண், அதே தர ஆயிலைச் சேர்த்து மட்டத்தை நிரப்பலாம். ஏ.பி.ஐ. தரம் பெற்ற எஞ்சின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக் கூடியவை. ஆயில் குறைவாக ஓட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் உழவு முடிந்ததும் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிய ஆயில் ஊற்றுவது நல்லது. சமையல் எண்ணெய், ஹைட்ராலிக் ஆயில், வடிகட்டிய பழைய ஆயில் ஆகியவற்றை ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது.

மணல் வண்டிகளுக்கு

மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியில் ஏ.டி.வி. எனப்படும் நான்கு சக்கர மணல் வண்டிகளைக் காணலாம். இவற்றில் பலவும் மோட்டார் சைக்கிளைப் போலவே எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் நனையும்படி அமைந்தவை. இவற்றுக்குக் கார் ஆயில் ஊற்றினால், அதிலுள்ள வழுக்குப் பொருளால் கிளட்ச் நழுவக்கூடும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி உள்ள நான்கு ஸ்ட்ரோக் ஆயிலே இவற்றுக்கு ஏற்ற மாற்று. மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டிய சிறு பண்ணை வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

இப்பகுதி மணற்பாங்கான நிலங்களில் வேர்க்கடலைக்கும் தர்ப்பூசணிக்கும் புழுதி உழவு செய்வோர் காற்று வடிகட்டியையும் கவனிக்க வேண்டும். எவ்வளவு உயர்ந்த ஆயில் ஊற்றினாலும், மணல் துகள் எஞ்சினுக்குள் புகுந்தால் லைனர் தேய்ந்துவிடும். ஆயில் தொட்டி உள்ள வடிகட்டியாக இருந்தால் அதில் சேர்ந்த சேற்றைக் கழுவி, குறித்த மட்டத்துக்குப் புதிய எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டும்.

மாற்றும் முறை

1. எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்திய பின் ஆயிலை வடிக்க வேண்டும். சூடான ஆயில் கசடுடன் முழுவதும் இறங்கும். கை சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. ஆயில் வடிகட்டியைக் கழுவவோ மாற்றவோ வேண்டும். பழைய வடிகட்டியுடன் புதிய ஆயில் ஊற்றுவது அழுக்குச் சட்டியில் பால் காய்ச்சுவது போன்றது.

3. டில்லரைச் சமதரையில் நிறுத்தி, மேல்கோட்டுக்கு மிகாமல் ஊற்ற வேண்டும். சேற்றில் சாய்ந்து நிற்கும் டில்லரில் அளவுகோல் பொய் சொல்லும்.

4. பழைய எஞ்சினுக்கு முதன்முறையாக உயர்தர ஆயில் ஊற்றினால், உள்ளே படிந்திருக்கும் கசடு கரைந்து வரும். ஆகவே முதல் முறை மட்டும் வழக்கமான மணிக்கணக்கில் பாதியிலேயே ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

5. ஓடிய மணி நேரத்தையும், ஊற்றிய ஆயிலின் எண், தரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும்.

ஆயில் சொல்லும் சேதி

அளவுகோலில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மட்டம் தானாக உயர்ந்து டீசல் வாடை அடித்தால் டீசல் கசிகிறது. விரலில் தேய்த்தால் நறநறவென்றிருந்தால் மணல் அல்லது உலோகத் தூள் சேர்ந்துள்ளது. இம்மூன்றில் எது தெரிந்தாலும் எஞ்சினை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஆயிலை மட்டும் மாற்றினால் நோய் தீராது.

வாங்கும்போது மூடியின் சீல், தயாரித்த தேதி, தொகுதி எண் ஆகியவற்றைப் பார்த்து, பில்லுடன் வாங்க வேண்டும். பீப்பாயிலிருந்து அளந்து தரும் ஆயிலைத் தவிர்ப்பது நல்லது. உத்தரவாதக் காலத்தில் உள்ள இயந்திரமானால் மாற்று ஆயில் ஊற்றுமுன் விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ கொட்டக் கூடாது. மண்ணும் கிணற்று நீரும் கெடும். மூடியுள்ள கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். தோலில் பட்டால் சோப்பால் கழுவ வேண்டும்.

ஐயம் உள்ளவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களையோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். பட்டம் தொடங்குமுன்பே கையேட்டைப் பார்த்து, எஸ்.ஏ.இ. எண்ணையும் ஏ.பி.ஐ. தரத்தையும் டில்லரின் மட்கார்டில் பெயிண்டால் எழுதி வைத்துக்கொள்வது சிறந்த வழி. ஆயில் வாங்க யார் கடைக்குப் போனாலும் தவறு நேராது, உழவும் நிற்காது.