"அதான் 16 ஜிபி காட்டுதே!"

வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் யோசனை "ராம் கூட்டிப் போடுங்க" என்பதுதான். நல்ல யோசனைதான். 8 ஜிபி இருக்கும் மெஷினில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கை வாங்கிச் செருகுகிறோம். ஆன் செய்ததும் 16 ஜிபி என்று காட்டுகிறது, நன்றாகவும் ஓடுகிறது. இரண்டொரு நாள் கழித்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே ஏதோ ஒரு ஃபைலைத் திறக்கும்போது திரை அப்படியே நின்றுவிடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறோம். மறுநாளும் அதே கதை. இது ஏன் நடக்கிறது, எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இது எந்த மாதிரி ஹேங் என்று தெரிய வேண்டும். திரை நின்றதும் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை இரண்டு மூன்று முறை அழுத்திப் பாருங்கள். அந்தச் சின்ன விளக்கைக் கீபோர்டு தானாக எரிப்பதில்லை. நாம் அழுத்தியது விண்டோஸுக்குப் போய்ச் சேர்ந்து, அது 'எரி' என்று திருப்பிச் சொன்னால்தான் விளக்கு எரியும். ஆகவே விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ஏதோ ஒரு புரோகிராமோ, ஹார்ட் டிஸ்க்கோ, டிஸ்பிளே டிரைவரோ சிக்கிக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறக்க முடிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். விளக்கு அசையவே இல்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டும் 'ர்ர்ர்ர்' என்று ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டு நிற்கிறது என்றால் மெஷினே மொத்தமாக நின்றுவிட்டது. அப்போது சந்தேகம் ஹார்டுவேர் மேலும், அதை நேரடியாக இயக்கும் டிரைவர்கள் மேலும் போக வேண்டும். கடைசியாக நாம் கை வைத்தது ராமில். எனவே முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

ஆனால் யாரும் அங்கே பார்ப்பதில்லை. வைரஸ் என்கிறார்கள், விண்டோஸ் அப்டேட் என்கிறார்கள். ராமாக இருக்குமோ என்று கேட்டால் "அதான் 16 ஜிபி காட்டுதே!" என்று பதில் வரும். கம்ப்யூட்டர் எண்ணிக் காட்டிவிட்டது, ஆகவே ராம் நன்றாக இருக்கிறது என்பது நம்மில் பெரும்பாலோர் நம்புகிற விஷயம். தேடல் முழுவதும் தடம் மாறிப்போவது இந்த இடத்தில்தான்.

ராம் ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் பலகையில் பெரிய சிப்புகள் வரிசையாக இருக்கும். அவற்றோடு மிகச் சிறியதாக இன்னொரு சிப்பும் இருக்கும். அதற்கு எஸ்பிடி என்று பெயர். இந்த ஸ்டிக் எத்தனை ஜிபி, என்ன வேகம், எவ்வளவு மின்னழுத்தம் என்ற விவரங்களைத் தொழிற்சாலையிலேயே அதில் எழுதி வைத்துவிடுகிறார்கள். நாம் ஆன் செய்ததும் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் படிப்பது அந்தக் குறிப்பைத்தான். மளிகைக் கடைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல், மேலே ஒட்டிய சீட்டில் 'துவரம் பருப்பு 1 கிலோ' என்று இருப்பதைப் படித்து அலமாரியில் வைப்பது போன்றது இது. உள்ளே வண்டு இருக்கிறதா என்பதைச் சீட்டு சொல்லாது. பழைய கம்ப்யூட்டர்கள் கறுப்புத் திரையில் நினைவகத்தை எண்ணிக்கொண்டே போகும், பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதுவும் மேலோட்டமான சோதனைதான். இன்றைய மெஷின்கள் சில நொடிகளில் எழுந்து நிற்க வேண்டியிருப்பதால் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடுவதில்லை.

சரி, உள்ளே என்னதான் கெட்டுப்போக முடியும்? 8 ஜிபி ஸ்டிக்கில் ஏறக்குறைய 6,870 கோடி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் ராம் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த மின்னூட்டம் சும்மா வைத்திருந்தாலே கசியும். அதனால் வழக்கமாக 64 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை எல்லாச் செல்களையும் படித்து, மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நாம் பார்க்காத இந்த வேலை கரண்ட் இருக்கும்வரை ஓயாமல் நடக்கிறது. 6,870 கோடியில் ஒரே ஒரு செல் கொஞ்சம் வேகமாகக் கசிந்தால் போதும், 1 என்று எழுதியது 0 ஆகிவிடும். சூடு ஏறினால் கசிவும் கூடும். காலையில் ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டர் மே மாத மதியத்தில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தக் கெட்ட செல்லில் அந்த நேரத்தில் எது வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விளைவு. போட்டோவின் ஒரு புள்ளி என்றால் நிறம் துளி மாறும், யார் கண்ணுக்கும் தெரியாது. 'அடுத்து இந்த இடத்துக்குப் போ' என்று விண்டோஸ் தனக்கே எழுதிவைத்த முகவரி என்றால், ப்ராசஸர் இல்லாத இடத்துக்குப் போய் நிற்கும். நீலத்திரை வந்தாலும் வரும், அப்படியே ஹேங் ஆனாலும் ஆகும். ஒரு நாள் நிற்பதும் ஒரு நாள் ஓடுவதும் இதனால்தான்.

இது அபூர்வமான கோளாறும் இல்லை. கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து பியாங்கா ஷ்ரோடர் குழுவினர் 2009-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ராம் ஸ்டிக்குகளில் பிழை தென்பட்டதாகச் சொன்னார்கள். சர்வர் ராமில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்துப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது. தவறு நடந்ததே நமக்குத் தெரியாது.

அதனால்தான் "ஃபார்மட் அடிச்சுப் பார்ப்போம்" என்ற யோசனையைக் கேட்டால் எனக்குப் பதறுகிறது. விண்டோஸை மறுபடி நிறுவும்போது ஒவ்வொரு ஃபைலும் இதே ராம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. கெட்ட செல் வழியாகப் போனது கெட்டே பதியும். புதிதாகப் போட்ட விண்டோஸும் நிற்கும். அதற்குள் பழைய ஃபைல்களையும் அழித்திருப்போம். ராமைச் சோதிக்காமல் ஃபார்மட் செய்யவே வேண்டாம்.

இன்னொரு வகையும் இருக்கிறது. தனித்தனியே போட்டால் இரண்டு ஸ்டிக்கும் நல்லவை, சேர்த்துப் போட்டால் தகராறு. பழையது ஒரு கம்பெனி, புதியது வேறு கம்பெனி, வேகமும் வேறு என்றால் பயாஸ் இரண்டுக்கும் பொதுவான ஒரு வேகத்துக்கு இறங்கி வர வேண்டும். வழக்கமாக இறங்கி வந்துவிடும். ஆனால் ராமைப் பொதுத் தரத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற ஏற்பாடு பயாஸில் ஆன் ஆகியிருந்தால் கதை வேறு. டிடிஆர்4 ராமின் பொதுத் தரம் 3200 வரைதான். பெட்டியில் 3600 என்று போட்டிருந்தால், அது தரத்தைத் தாண்டி ஓட்டும் வேகம், அதற்காக 1.2 வோல்ட்டை வழக்கமாக 1.35 வரை ஏற்றுவார்கள். ஒரு ஸ்டிக்கை அப்படி ஓட்டிய மதர்போர்டு இரண்டையும் ஓட்டும் என்று உறுதி இல்லை. செலவில்லாத முதல் வைத்தியம் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை அணைப்பது. நிற்பது நின்றுவிட்டால் அதோடு விட்டுவிடலாம். வேகம் குறைவதை வீட்டு உபயோகத்தில் நீங்கள் உணரப் போவதில்லை.

ஹேங் ஆவது ஓயவில்லையா, மூடியைக் கழற்ற வேண்டியதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பின் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும். புது ஸ்டிக்கைக் கழற்றி, பழையதை மட்டும் வைத்து, ஹேங் வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்ததோ அதைவிடக் கூடுதல் நாள் ஓட்டுங்கள். பிறகு புதியதை மட்டும், பழையது இருந்த அதே ஸ்லாட்டில் போடுங்கள். அங்கே நன்றாக ஓடினால், அதையே இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கில் கோளாறா, ஸ்லாட்டிலா, கூட்டணியிலா என்று இப்படித்தான் பிரியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். திரும்பச் செருகும்போது ஓரத்துக் கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்த வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த ஸ்டிக்தான் பல வீடுகளில் முழுக் குற்றவாளி.

நாள்கணக்கில் காத்திருக்க முடியாதவர்களுக்கு மெம்டெஸ்ட் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால், விண்டோஸுக்கு வெளியே நின்று நினைவகத்தில் எழுதி எழுதிப் படித்துச் சரிபார்க்கும். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். சிவப்பில் ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் தேறவில்லை என்று அர்த்தம். "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. எக்ஸ்எம்பியை அணைத்த பிறகு, தனியாகப் போட்ட ஸ்டிக்கிலேயே பிழை வந்தால், திரையைப் போனில் படம் பிடித்து பில்லோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

எல்லாம் தேறியும் ஹேங் வந்தால், ராம் போடும்போது கை பட்டுத் தளர்ந்த ஹார்ட் டிஸ்க் கேபிளையும், மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் வயதான எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் இருப்பதைக் கண்டு உடனே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிட வேண்டாம். போன தடவை மெஷின் முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தது நாம்தானே.

கோளாறான ஸ்டிக் போன பிறகு ஒரு வேலை பாக்கி. அது உள்ளே இருந்த நாட்களில் போனிலிருந்து மாற்றிய போட்டோக்கள், சேமித்த கணக்குகள் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். பார்த்து முடிக்கும்வரை போனில் இருக்கும் ஒரிஜினலை அழிக்காதீர்கள். முடிந்தால் எல்லாவற்றையும் இன்னொரு முறை காப்பி எடுத்துவிடுங்கள்.