காணிக்கையைத் திருப்பிக் கொடுத்து வெளியேற்றிய ரோம் சபை: யார் இந்த மார்சியன்?

கி.பி. 144 வாக்கில் ரோம் நகரத் திருச்சபை ஒருவரை வெளியேற்றியது. அவர் கொடுத்திருந்த 2 லட்சம் செஸ்டர்ஸ் காணிக்கையையும் கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டது. அவர்தான் மார்சியன். கருங்கடல் கரையில் உள்ள சினோப் ஊர்க்காரர், கப்பல் முதலாளி.

அப்படி என்னதான் சொன்னார்?

பழைய ஏற்பாட்டின் கடவுள் வேற, இயேசு காட்டிய அன்பான தந்தை வேற என்றார். பழைய ஏற்பாட்டை மொத்தமாக ஒதுக்கினார். லூக்கா நற்செய்தியின் சுருக்க வடிவம் ஒன்றையும் பவுலின் 10 கடிதங்களையும் மட்டும் வேதமாக ஏற்றார்.

இதில்தான் ட்விஸ்ட்!

அதுவரை 'இந்த நூல்கள் மட்டும்தான்' என்ற முடிவான பட்டியல் சபையிடமே இல்லை. நமக்குத் தெரிந்த முதல் பட்டியலே மார்சியனுடையதுதான். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சபையும் யோசித்தே ஆகவேண்டிய நிலை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே சொல்லும் பட்டியல், கி.பி. 367-ல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில்தான் வருகிறது.

மார்சியன் தரப்பு என்ன?

அவர் எழுதிய நூல் எதுவும் இன்று இல்லை. தெர்த்துல்லியன் போன்ற எதிர்ப்பாளர்கள் எழுதியதை வைத்துத்தான் அவரைத் தெரிந்துகொள்கிறோம். லூக்காவை அவர் வெட்டினார் என்பதும் அவர்கள் வைத்த குற்றச்சாட்டுதான். அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்க இப்போது வழியில்லை. 'கள்ளப் போதகர்' என்ற முத்திரையைப் பார்க்கும்போது இதையும் ஞாபகம் வச்சுக்கணும்.