ஆராய்ச்சிச் செலவும் வரிச் சலுகையும்: விவசாயிகள் அறிய வேண்டியவை

விவசாயி ஒருவர் விதை வாங்கும்பொழுது அதன் விலையை அறிகிறார். அவ்விதையைக் கண்டுபிடிக்க ஆன செலவை யார் கொடுத்தார் என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. ஒரு புதிய ரகத்தைத் தெரிந்தெடுத்து, பல பருவங்களில் பயிரிட்டுப் பார்த்து, பலவகை மண்ணிலும் பரீட்சித்து வெளியிடுவதற்கு நெடுங்காலம் செல்லும். அவ்வளவு காலமும் நிலத்துக்கும் ஆட்களுக்கும் நிபுணர்களுக்கும் பணம் வேண்டும். பரீட்சை பலிக்காவிட்டால் போட்ட பணம் திரும்பாது.

இப்பணம் மூன்று வழிகளில் வருகிறது. ஸர்க்கார் தன் பொக்கிஷத்திலிருந்து நேரே செலவிடுவது முதல் வழி. விளைபொருளின்மீது தீர்வை விதித்து, அத்தொகையை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கி வைப்பது இரண்டாவது. ஆராய்ச்சி செய்யும் கம்பெனிகளுக்கு வரியில் சலுகையோ, மானியமோ, குறைந்த வட்டிக் கடனோ அளிப்பது மூன்றாவது. மூன்றிலும் பணத்தில் ஒரு பங்கேனும் பொதுஜனங்களுடையதே. ஆயினும் பணம் எவ்வழியில் செல்கிறதோ அதற்குத் தக்கபடியே பலனும் அமைகிறது. ஆகையால் இம்மூன்றின் தன்மையையும் நிலமுடையோர் தெரிந்து கொள்வது அவசியம்.

ஸர்க்கார் நேரே செய்த ஆராய்ச்சி

முதல் வழிக்குச் சிறந்த உதாரணம் கோயம்புத்தூரிலேயே உள்ளது. 1912-ம் வருஷத்தில் அங்கே கரும்பு அபிவிருத்தி நிலையம் ஏற்படுத்தப்பட்டது. அக்காலத்தில் வட இந்தியாவில் பயிரான கரும்பு மெலிந்தது. சாறும் சர்க்கரையும் குறைவு. தென்னாட்டுத் தடித்த கரும்போ அங்குள்ள குளிரையும் வறட்சியையும் தாங்குவதில்லை. டாக்டர் பார்பர் என்பவரும், அவருக்குப் பின் ராவ்பகதூர் டி. எஸ். வெங்கட்ராமனும் தடித்த கரும்பை நாணல் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கரும்புடன் சேர்த்துப் புதிய ரகங்களை உண்டாக்கினர். அவற்றுள் கோ. 205 என்பது 1918-ல் வெளியிடப்பட்டு வடநாட்டில் பரவியது. அந்நிலையம் இன்றும் நடைபெற்று வருகிறது.

நெல்லிலும் இவ்வாறே. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1921-ல் வெளிவந்த ஜி. இ. பி. 24 என்ற ரகம் கிச்சிலிச் சம்பா என்ற பெயரால் குடியானவர்களிடையே வழங்கியது. பிற்காலத்தில் பல ரகங்களுக்கு அதுவே பெற்றோராகவும் பயன்பட்டது.

இங்கே கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. கரும்பைக் கரணையால் பெருக்கலாம். நெல்லை அவரவர் களத்து நெல்லிலிருந்தே மறுபடி விதைக்கலாம். ஒருவர் வயலில் நன்றாக விளைந்தால் அடுத்த வயற்காரர் அவரிடமே விதை கேட்டுப் பெறுகிறார். ஆகவே இத்தகைய ரகத்தை உண்டாக்கியவருக்கு முதல் வருஷம் தவிர மறு வருஷங்களில் விற்பனை அதிகமிராது. லாபத்தை நாடும் ஒரு வியாபாரி இவ்வாராய்ச்சியில் பல வருஷங்கள் பணம் போட முன்வருவது அரிது. ஸர்க்கார் செய்திராவிட்டால் அது நடந்திராது என்று கருதுவதற்கு இதுவே காரணம்.

தீர்வையால் நடந்த ஆராய்ச்சி

இரண்டாவது வழிக்குப் பருத்தி ஓர் உதாரணம். 1921-ல் இந்திய மத்தியப் பருத்திக் கமிட்டி அமைக்கப்பட்டது. 1923-ல் பருத்தித் தீர்வைச் சட்டம் இயற்றப்பட்டு, 400 ராத்தல் கொண்ட பேல் ஒன்றுக்குச் சில அணா வீதம் தீர்வை வாங்கி அக்கமிட்டியிடம் ஒப்புவிக்கப்பட்டது. கமிட்டியில் ஆலைக்காரர்களும் வியாபாரிகளும் பருத்தி விளைவிப்போரின் பிரதிநிதிகளும் இடம் பெற்றிருந்தனர். அப்பணத்தைக்கொண்டு பம்பாயைச் சேர்ந்த மாதுங்காவில் 1924-ல் ஒரு பரிசோதனைச்சாலை நிறுவப்பட்டது. புதிய ரகப் பஞ்சை அங்கே நூற்றுப் பார்த்து, எத்தனை நம்பர் நூலுக்கு ஏற்றது என்று நிர்ணயித்தார்கள். பஞ்சின் தரம் பரீட்சையால் தெரிந்த பிறகே, நல்ல பருத்திக்கு நல்ல விலை கேட்பதற்கு ஆதாரம் உண்டாயிற்று.

பின்னர் லின்லித்கோ பிரபுவின் தலைமையில் அமைந்த விவசாய ராயல் கமிஷன் 1928-ல் அளித்த அறிக்கையின்படி, 1929-ல் விவசாய ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஏற்பட்டது. அதன் செலவுக்கு உதவியாக 1940-ம் வருஷத்து விவசாய விளைபொருள் தீர்வைச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் குறிப்பிட்ட சில விளைபொருள்களின் மதிப்பில் நூற்றுக்கு அரை வீதம் அச்சட்டப்படி வசூலிக்கப்பட்டது. பருத்திக் கமிட்டி 1966-ல் கலைக்கப்பட்டு, அதன் ஆராய்ச்சிப் பொறுப்பு கவுன்ஸிலைச் சேர்ந்தது. 1940-ம் வருஷத்துச் சட்டமும் 2006-ல் ரத்தாயிற்று. இன்று கவுன்ஸிலின் பெரும்பகுதிச் செலவு மத்திய ஸர்க்காரின் வரவு செலவுத் திட்டத்திலிருந்தே கொடுக்கப்படுகிறது.

தீர்வை முறையில் ஒரு நன்மை இருந்தது. ஆலையிலோ ஏற்றுமதியிலோ வாங்கிய தீர்வையின் ஒரு பகுதி விலைக் குறைவாக விளைவித்தவர்மீதே விழும் என்பது உண்மையே. எனினும், பணம் கொடுத்தவர்களின் பிரதிநிதிகள் கமிட்டியில் அமர்ந்து, அப்பணம் எந்த ஆராய்ச்சிக்குச் செல்ல வேண்டும் என்று கேட்க இடமிருந்தது.

வரிச் சலுகை என்பது யாது?

மூன்றாவது வழியைச் சற்று விரிவாக அறிய வேண்டும். ஒரு கம்பெனி ஆராய்ச்சிக்கு 100 ரூபாய் செலவிடுவதாகவும், அது தன் லாபத்தில் நூற்றுக்கு 30 வீதம் வரி செலுத்துவதாகவும் வைத்துக்கொள்வோம். அச்செலவை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதித்தால், 100 ரூபாய்க்கு உரிய வரியாகிய 30 ரூபாய் மிஞ்சும். சம்பளம், வாடகை முதலிய சாதாரணச் செலவுகளுக்கும் இவ்வளவு உண்டு. ஆனால் 100 ரூபாய் செலவிட்டதற்கு 200 ரூபாய் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னால், மிஞ்சும் வரி 60 ரூபாய். அதாவது கம்பெனிக்கு உண்மையில் ஆகும் செலவு 40 ரூபாயே. மற்றதை ஸர்க்கார், தனக்கு வர வேண்டிய வரியை விட்டுக்கொடுத்ததன் மூலம், ஏற்றுக்கொள்கிறது.

இந்தியாவில் இம்முறை 1961-ம் வருஷத்து வருமானவரிச் சட்டத்தின் 35-வது பிரிவில் அமைந்திருந்தது. விஞ்ஞான தொழில் ஆராய்ச்சி இலாகாவின் அங்கீகாரம் பெற்ற சொந்த ஆராய்ச்சிக்கூடத்தில் கம்பெனிகள் செய்யும் செலவுக்கு, நிலம் கட்டிடம் நீங்கலாக, 2010 முதல் இருமடங்கு கழிவு கிடைத்தது. 2017 ஏப்ரல் முதல் அது ஒன்றரை மடங்காகக் குறைக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் செலவிட்ட தொகை அளவே கழிவு என்றாயிற்று. விவசாயிகளுக்குப் பயிற்சியளிக்கும் திட்டங்களை நடத்துவோருக்கு 2012-ல் கொடுக்கப்பட்ட ஒன்றரை மடங்குக் கழிவும் அவ்வாறே 2020-ல் குறைந்தது. இதனிடையே, 2019-ல், இத்தகைய விசேஷச் சலுகைகளைக் கைவிடும் கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 22 வீதமாக வரி குறைக்கப்பட்டது. சலுகைகளைச் சுருக்கி, வரி வீதத்தைக் குறைப்பதே இம்மாறுதல்களின் நோக்கம்.

வரிச் சலுகைக்குப் பதிலாக நேர் உதவி பெருகி வருகிறது. தனியார் ஆராய்ச்சிக்கு நீண்டகாலத் தவணையில் குறைந்த வட்டிக்கோ வட்டியின்றியோ பணம் அளிப்பதற்காக, ஒரு லட்சம் கோடி ரூபாய் கொண்ட நிதித் திட்டத்தை மத்திய மந்திரிசபை 2025 ஜூலையில் அங்கீகரித்தது.

சலுகை எங்கே பலன் தரும், எங்கே தராது

வரிச் சலுகை பெறுவதற்கு முதலில் வரி செலுத்தத்தக்க லாபம் இருத்தல் வேண்டும். நிலத்தில் விளைந்த வருமானத்துக்கு மத்திய ஸர்க்காரின் வருமானவரி இல்லை. ஆகவே தன் வயலில் சொந்தச் செலவில் பரீட்சை செய்து பார்க்கும் விவசாயிக்கு இச்சலுகையால் ஒரு காசும் மிஞ்சுவதில்லை. புதிதாகத் தொடங்கி இன்னும் நஷ்டத்தில் நடக்கும் சிறு கம்பெனிக்கும் உடனடியான பலன் இல்லை. வேரூன்றி லாபம் காணும் பெரிய கம்பெனிகளுக்கே இது முழுப் பயன் அளிக்கும்.

அன்றியும், கம்பெனி எவ்வாராய்ச்சியில் இறங்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். சலுகை இருந்தாலும் மீதிச் செலவு அதன் கைப்பணமே. ஆகையால் விற்று முதலாக்கக்கூடிய பொருளையே அது நாடும். வீரிய ஒட்டு விதை இதற்கு உதாரணம். முதல் விதைப்பில் செழித்து விளையும் ஒட்டுப் பயிரின் விதையை மறுபடி விதைத்தால், குணங்கள் பிரிந்து விளைச்சல் குன்றும். வருஷந்தோறும் புது விதை வாங்கவேண்டும். மக்காச்சோளம், கம்பு, பருத்தி, காய்கறிகள் ஆகியவற்றில் கம்பெனிகள் ஊக்கத்துடன் உழைத்திருப்பதற்கு இது முக்கிய காரணம். அவ்விதைகளால் விவசாயிகளும் நல்ல லாபம் அடைந்துள்ளனர் என்பதை மறுக்கவியலாது. எனினும் அத்துறைக்கும் வழி திறந்தது பொதுப்பணமே. 1970-ல் வெளிவந்த எச்-4 என்ற முதல் வீரிய ஒட்டுப் பருத்தி, சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் சி. டி. பட்டேல் உண்டாக்கியதாகும்.

விற்பனைக்கு வராத அறிவும் உண்டு. நாற்றின் வயது, நடவின் இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறை, பூச்சியின் வருகையை முன்கூட்டி அறிதல், மானாவாரி நிலத்தின் சிறுதானிய ரகங்கள் போன்றவை அவை. இவற்றை ஒருவர் கண்டுபிடித்தால் ஊரார் அனைவரும் பார்த்தே கற்றுக்கொள்வர். இவற்றுக்கு வரிச் சலுகை எவ்வளவு தாராளமாக இருப்பினும் போதாது. ஸர்க்கார் நிலையங்களும் சர்வகலாசாலைகளுமே பொறுப்பேற்க வேண்டும். கம்பெனிகளுக்குச் சலுகை கொடுத்தாயிற்று என்று பொது ஆராய்ச்சி நிலையங்களின் செலவைக் குறைப்பது, மேட்டு மடைக்கு நீர் திறந்துவிட்டுக் கடைமடையும் பாய்ந்துவிடும் என்று நம்புவதை ஒக்கும்.

ஆஸ்திரேலிய முறை

தீர்வை முறையையும் ஸர்க்கார் உதவியையும் ஒருங்கே சேர்த்த நாடு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 1989-ல் இயற்றிய சட்டத்தைத் தொடர்ந்து, கோதுமை முதலிய தானியங்கள், பருத்தி, ஆட்டு ரோமம் போன்றவற்றுக்குத் தனித்தனி ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. விளைவிப்போர் தம் விற்பனையில் ஒரு சிறு தீர்வை கொடுக்கின்றனர். ஆராய்ச்சிக்குச் செலவாகும் தொகைக்குச் சமமாக ஸர்க்காரும் கொடுக்கிறது. பொதுவாக ஸர்க்காரின் பங்குக்கு, அத்தொழிலின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு அரை என்பது வரம்பு. இம்முறையில் விளைவிப்போரே ஆராய்ச்சியின் திசையைக் கேட்கும் உரிமை பெறுகின்றனர். இந்நாட்டுப் பருத்திக் கமிட்டியின் கருத்தும் இதற்கு அயலானதன்று.

விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

1. விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனி, விளைபொருளைப் பக்குவம் செய்து விற்று லாபம் பெறுமாயின், அது வருமானவரிக்கு உட்படக்கூடும். அக்கம்பெனி ஆராய்ச்சிக்குச் செய்யும் செலவைத் தனிக் கணக்கில் பற்றுச்சீட்டுடன் எழுதி வைத்தல் நலம். 1961-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2026 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலுக்கு வருவதாக வகுக்கப்பட்டிருப்பதால், கழிவு கோரும் விதத்தைக் கணக்கரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

2. வரிச் சலுகை எட்டாத புது முயற்சியாளருக்கு மானியம் ஏற்றது. ராஷ்டிரீய கிருஷி விகாஸ் திட்டத்தின்கீழ், விவசாயத் தொழிலில் புதிய யோசனையுடையோருக்கு முதல் நிலையில் 5 லட்சம் ரூபாய் வரையிலும், அடுத்த நிலையில் 25 லட்சம் ரூபாய் வரையிலும் மானியம் வகுக்கப்பட்டது. படித்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞர்களுக்கு இத்தகைய திட்டங்களைத் தெரிவித்தல் கிராம அதிகாரிகளின் நற்பணியாகும்.

3. 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் நிலமுடையோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. பாதுகாக்கப்பட்ட ரகமாயினும் தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு அது உரிமை அளிக்கிறது; வியாபாரப் பெயரிட்டு விற்றல் மட்டும் கூடாது. அச்சட்டப்படி பதிவான ரகத்தின் விதை விவசாயிக்கு விற்கப்பட்டால், அந்த ரகத்தை உண்டாக்கியவர், எவ்வித நிலைமையில் எவ்வளவு விளையும் என்று தெரிவிக்கக் கடமைப்பட்டவர். சொன்னபடி விளையாவிட்டால் விவசாயி நஷ்டஈடு கோரலாம். ஆகையால் விதைப் பையின் சீட்டையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்த வேண்டும்.

4. தலைமுறையாகப் பேணிவந்த அல்லது தாமே தெரிந்தெடுத்த ரகத்தையும் விவசாயிகள் அச்சட்டப்படி தம் பெயரில் பதியலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தில் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ ஜில்லா விவசாய அதிகாரியோ சான்று அளிக்கலாம். மரமும் கொடியும் அல்லாத பயிர்களுக்குப் பாதுகாப்பு 15 வருஷம். சாட்சியம் தேடி விவசாயி அலையாதபடி, எந்த ரகம் யாரிடம் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதைக் கிராமத்திலேயே குறித்து வைப்பது உபயோகமாகும்.

5. ஆராய்ச்சி நிலையங்களில் நடக்கும் விவசாயிகள் கூட்டங்களுக்கு வெறுமனே சென்று வருதல் போதாது. தம் ஊரில் எப்பூச்சி பெருகுகிறது, எந்நிலம் உவராகிறது, எப்பருவத்தில் ரகம் சாய்கிறது என்பவற்றை ஏக்கர் கணக்குடன் எழுதிக்கொண்டு சென்று கேட்க வேண்டும்.

கம்பெனிகள் தமக்கு வேண்டிய சலுகையைக் கணக்குடன் கேட்டுப் பெறுகின்றன, அதில் தவறில்லை. விற்று முதலாக்க முடியாத ஆராய்ச்சிக்காகக் கேட்பவர் விவசாயியையன்றி வேறு ஒருவருமில்லை. அவர் கேளாதிருந்தால் அது ஏட்டிலும் ஏறாது, வயலுக்கும் வாராது.